விலையைப் பார்த்து பிரிண்டர் வாங்கலாமா?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யார் வீட்டு டி.வி. நின்றாலும் கூப்பிடுவது என்னை; ஆதாரில் பெயர் திருத்தவும் என்னை. "கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற பையன், அவனுக்குத் தெரியாததா?" என்பார்கள். தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அப்பா கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க் பட்டறை. போன வருடம் ஓனர் அப்பாவிடம், "ஏனுங்க, ஆபீசுக்கு ஒரு பிரிண்டர் வேணும். தம்பியக் கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். நான் போனில் ஐந்து நிமிடம் தேடி, 3,500 ரூபாய்க்கு ஒரு கலர் இங்க்ஜெட்டைச் சொன்னேன். ஸ்கேன், ஜெராக்ஸ், கலர் எல்லாம் ஒன்றிலேயே! அங்கே என்ன அச்சடிப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கே அடிப்பது டெலிவரி சலான். ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்குக்கான சலான் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து சலான் என்றால் 15 தாள். 800 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 180 பக்கத்தில் காலி. பன்னிரண்டு நாளைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்! ஒரு பக்கத்துக்கு நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. தெருமுனை ஜெராக்ஸ் கடையில்கூட 2 ரூபாய்தான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் பட்டறை பூட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால் எழுத்து நடுவில் வெள்ளைக் கோடு. மை காய்ந்து நாசில் அடைத்திருந்தது. கிளீனிங் கொடுத்தால் அதற்கும் மைதான் செலவு. ஒரு நாள் கூலன்ட் பட்ட கையோடு யாரோ சலானை எடுக்க, எண்ணிக்கை இருந்த இடம் நீலமாகக் கரைந்துவிட்டது. சரக்கு கம்பெனி வாசலிலேயே நின்று திரும்பி வந்தது. ஆட்டோ வாடகை தண்டம்.

ஓனர் திட்டவில்லை. "உங்க பையன் சொன்னதுதானுங்களே" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரி என்னிடம் பேசவே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லேசர் பிரிண்டரில் மையே கிடையாது. டோனர் என்ற பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். காயாது, தண்ணீருக்குக் கரையாது. எங்கள் ஊர்க் கடையில் 350 ரூபாய்க்கு டோனர் நிரப்பித் தருகிறார்கள். ஆயிரம் பக்கம் வந்தாலே பக்கத்துக்கு 35 பைசா! ஒரு எச்சரிக்கை: தூளை உருக்கும் ஹீட்டர் திடீரென்று கரண்ட் இழுக்கும், சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டக்கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். 2004-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19752 என்ற தரப்படி, தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் எழுத்து விழும் மாதிரிப் பக்கத்தை அடித்துச் சொல்லும் கணக்கு அது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சலானுக்கு அது ஒத்து வராது.

நாம் கேலி பண்ணும் டாட் மேட்ரிக்ஸ்? ஊசி ரிப்பனைத் தட்டி அடிப்பதால், கார்பன் வைத்த தாளில் ஒரே தட்டில் மூன்று பிரதி விழும். லேசரால் அது முடியாது. மூன்று தடவை அடிக்க வேண்டும். ஆனால் டாட் மேட்ரிக்ஸ் புதிதாக வாங்கினால் 10,000 ரூபாய்க்கு மேல். நூற்றுக்கணக்கில் பில் போடும் மொத்த வியாபாரிக்குக் கட்டும். ஐந்து சலானுக்குக் கட்டாது. வெப்பத்தில் எழுத்து விழும் தெர்மல் பில் வேண்டவே வேண்டாம். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் எழுத்து அதற்குள் மங்கிவிடும்.

கலரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை மாடல் காட்டுகிற கடைக்கு இங்க் டேங்க் பிரிண்டர் நல்லதுதான், தினமும் ஓடினால். நான் குறை சொல்வது நம் பழக்கத்தை. ஆல்-இன்-ஒன், வைஃபை என்று அடுக்குகிறோம். காசு போடுகிறவர் தினம் எத்தனை தாள், எந்தத் தாள் அடிக்கிறார் என்று கேட்பதில்லை. மார்க்குக்குப் படித்தது அவர் கல்லாவில் போய் விடிகிறது.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஓனர் மறுபடியும் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். எனக்கே ஆச்சரியம்தான்! இந்த முறை மாடல் எதுவும் சொல்லவில்லை. "ஒரு மாச சலான் கட்டை வாங்கிட்டு வாங்கப்பா" என்றேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணினோம். கருப்பு வெள்ளை லேசர்தான் வாங்கியிருக்கிறார்கள். பழைய கலர் பிரிண்டர் ஓனர் வீட்டில். அவர் மகள் ஸ்கூல் பிராஜெக்டுக்குப் பூப்படம் அடிக்கிறாளாம்.