பத்தில் ஒரு பங்கு பழம்!

விலைவாசி ஏறிக் கிடக்கிறது, கூலி பாக்கி நிற்கிறது, ஆலைகளில் ஆள்குறைப்பு நடக்கிறது. இந்த நேரத்தில் வீட்டில் பழச்சாறு பிழிவதைப் பற்றியா நம் பத்திரிகையில் எழுதுவது என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஆலை வாசலில் இருக்கும் பெட்டிக்கடையைப் பாருங்கள். சரம் சரமாகத் தொங்குகிறது பாக்கெட் பானம். பத்து ரூபாய், இருபது ரூபாய். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளி தொண்டை வறண்டு ஒன்று வாங்குகிறார். வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்கு ஒன்று. நாற்று நடவு முடித்து வரும் பெண்ணும் அப்படியே. நாளுக்கு இருபது ரூபாய் என்றால் மாதத்துக்கு அறுநூறு. விவசாயத் தொழிலாளியின் குடும்பத்தில் அறுநூறு ரூபாய் சின்னத் தொகையா?

பணம் போவது ஒரு பக்கம். அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது என்ன?

பாக்கெட்டின் முன்புறத்தில் மாம்பழம் பளபளவென்று சிரிக்கிறது. பின்புறத்தைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் உண்மை அங்கேதான் இருக்கிறது. முதலில் தண்ணீர், பிறகு சர்க்கரை, பழக்கூழ், புளிப்புக்கு ஓர் அமிலம், வாசனை, வர்ணம். நம் நாட்டு உணவுச் சட்ட விதிப்படி 'பழ பானம்' என்று பெயர் போட்டு விற்க நூற்றுக்குப் பத்துப் பங்கு பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் ஐந்து பங்கே போதும்! சில கம்பெனிகள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு; இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் மீதியெல்லாம் தண்ணீரும் சர்க்கரையும்தான். தண்ணீரைப் பழத்தின் விலைக்கு விற்கும் வித்தை இது.

சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். 12 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி குடித்தால் 24 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி சர்க்கரை. பெரியவர்களுக்கே இந்த மாதிரிச் சர்க்கரை நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு. பிள்ளைக்கு அதிலும் குறைவு. ஒரே பாக்கெட்டில் அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது.

"விலை உயர்ந்த அட்டைப் பெட்டியில் நூறு சதவீதப் பழச்சாறு வருகிறதே" என்பீர்கள். பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கி, பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கிப் பெட்டியில் அடைப்பதும் அதில் உண்டு. அப்படிக் கலக்கியதற்கு 'நூறு சதவீதம்' என்று போடாதே, உள்ளவற்றையும் அழி என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதுவரை எத்தனை பேர் நம்பிக் காசு கொடுத்திருப்பார்கள்!

இந்தப் பாக்கெட்டுக்குள் போகும் அந்தக் கொஞ்சம் பழத்தின் கதையையும் சொல்ல வேண்டும். மாம்பழ பானத்துக்குக் கூழாகப் போவது பெரும்பாலும் கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பக்கத்து கிளிமூக்கு மாங்காய். பெங்களூரா என்றும் கல்லாமை என்றும் சொல்வார்கள். 2025 கோடையில் என்ன நடந்தது? விளைச்சல் ஏராளம். கூழ் ஆலைகளோ முந்தைய ஆண்டுச் சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்று கையை விரித்தன. கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே விலை சரிந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. சாலையில் கொட்டியவர்கள் உண்டு. ஆந்திர சர்க்கார் கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை கட்டி, 8 ரூபாயை ஆலைகள் கொடுக்க வேண்டும், 4 ரூபாயை சர்க்கார் கொடுக்கும் என்று அறிவித்தது. வெளி மாநில மாங்காய் சித்தூருக்குள் நுழையவும் தடை போட்டார்கள். விவசாயிக்கு விவசாயி மோதல்! மாங்காய் விலை இப்படித் தரையில் கிடந்த அந்தக் கோடையில் உங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் மாம்பழ பாக்கெட்டின் விலை ஒரு ரூபாயாவது இறங்கியதா?

இதைவிடக் கொடுமையான ஒன்றும் நடந்தது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து, வாய் வழியாகவே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். காலராவில் நூற்றுக்கு முப்பது பேர் சாகும் நிலை மாறி, நாலு பேருக்கும் கீழே வந்தது. இதுதான் ஓ.ஆர்.எஸ். ஏழை ஜனங்களின் உயிர் காத்த இந்தப் பெயரைப் பிற்காலத்தில் சர்க்கரை மிகுந்த பழ பானப் பெட்டிகளின் மேல் ஒட்டி, மருந்துக் கடையிலேயே விற்றார்கள். பேதியாகும் பிள்ளைக்குச் சர்க்கரை அதிகமான பானம் கொடுத்தால் பேதி கூடுமே தவிரக் குறையாது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியபின் 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று ஆணையம் தடுத்தது. ஆகவே பேதிக்குப் பழச்சாறு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். அது கைக்கு வரும் வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலை தட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. அளவு பிசகக் கூடாது.

சரி, உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை செய்து களைத்து வருகிறோம், ருசியாகக் குடிக்க வேண்டும். அதற்கு மிக்ஸி யந்திரம்கூட வேண்டியதில்லை. ஒரு பாத்திரம், ஒரு மத்து, சுத்தமான வெள்ளைத் துணி போதும். தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். மண்பானையில் ஊற்றி வைத்தால் அதுவே குளிர்ச்சி. தெருவில் கிடைக்கும் ஐஸ் கட்டியை நம்பாதீர்கள். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸும் அதில் கலந்து வருகிறது. தின்னத் தகாத ஐஸுக்கு நீல வர்ணம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் விதி செய்தார்கள். எத்தனை இடத்தில் நீல ஐஸைப் பார்த்திருக்கிறீர்கள்?

கோடையில் முதலிடம் மாங்காய்க்கு. காற்றில் உதிர்ந்த காய்கூட ஆகும். அழுகல் இருந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள். பெரிய மாங்காய் ஒன்றை முழுசாக வேக வைக்கலாம். அடுப்புத் தணலில் சுட்டால் ருசி இன்னும் மேல். ஆறியதும் தோலை உரித்து, கையாலேயே பிசைந்து கொட்டையை எடுத்துவிட்டு, நாலைந்து தம்ளர் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். வெல்லம் ஒரு பிடி, உப்பு ஒரு சிட்டிகைக்குச் சற்று மேலே, வறுத்துப் பொடித்த சீரகம் கொஞ்சம். வடிகட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. வியர்த்துக் கொட்டும் உடம்புக்கு உப்பும் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பாக்கெட் மாம்பழ பானத்தில் இனிப்பைத்தான் கொட்டி வைத்திருக்கிறான்.

பழுத்த கிளிமூக்கு என்றால் நறுக்கி, மத்தால் கடைந்து, ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டாலே போதும். நார் பிடிக்காதவர்கள் துணியில் வடிக்கலாம். பழம் நன்றாகக் கனிந்திருந்தால் சர்க்கரையே தேவைப்படாது. பாக்கெட்டில் பத்தில் ஒரு பங்கு. இங்கே மூன்றில் ஒரு பங்கு!

எலுமிச்சையை எல்லோரும் பிழிகிறோம். ஆனால் பாதிப் பேர் கசக்கப் பிழிகிறார்கள். பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, குறுக்கே வெட்டி, விதையை முதலில் எடுத்துவிட வேண்டும். தோலோடு சேர்த்து முறுக்கிப் பிழிந்தாலும் விதை நசுங்கினாலும் கசப்பு இறங்கும். பிழிந்து நெடுநேரம் வைத்தாலும் கசக்கும்; ஷிப்டுக்குப் போகும்போது இரவே பிழிந்து வைப்பதைவிடக் காலையில் பிழிந்துகொண்டு போவது நல்லது. சித்திரை, வைகாசியில் புளியங்குடிச் சந்தையிலேயே எலுமிச்சை விலை ஏறிவிடும். அந்த நாட்களில் புளி இருக்கிறதே! புளியும் பழம்தான் தோழர்களே. புளியும் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்த பானகத்தை நம் பாட்டிமார்கள் எந்தக் கம்பெனியைக் கேட்டுச் செய்தார்கள்?

கொய்யாவை ஏழையின் பழம் என்று இளப்பமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆரஞ்சில் இருப்பதைப் போல நாலு மடங்கு வைட்டமின் 'சி' அதில் இருக்கிறது. கனிந்த பழத்தை நறுக்கி மசித்து, தண்ணீர் விட்டுக் கலக்கித் துணியில் வடித்தால் விதை தங்கிவிடும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் நிறம் கறுக்காது. பிழிந்தவுடன் குடித்துவிட வேண்டும். காற்றும் சூடும் பட்டால் வைட்டமின் குறைந்துவிடும். அன்னாசியைப் பாலோடு மட்டும் சேர்க்காதீர்கள், திரிந்து கசக்கும். தர்பூசணிக்குச் செய்முறை எதற்கு, வெட்டித் தின்றாலே பெரும்பகுதி தண்ணீர்தான்.

பண்ருட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு முந்திரிப் பழத்தை மரத்தடியில் அழுகவிடுகிறோம். தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்புத்தான் காரணம். அதற்கு வழி இருக்கிறது. ஜவ்வரிசியைக் கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆற வைத்து, வடித்த சாற்றில் கலந்து, அசைக்காமல் சுமார் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு லிட்டர் சாற்றுக்கு ஐந்து கிராம் ஜவ்வரிசி போதும். துவர்ப்பெல்லாம் கசடாகி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, ஒரு கொதி விட்டு, சர்க்கரை சேர்த்து அன்றே குடிக்கலாம். கேரளத்தில் இந்த முறையில் முந்திரிப் பழச் சாறு தயாரிக்கிறார்கள்; கோவாவில் அதே பழத்திலிருந்து ஃபென்னி என்று சாராயம் வடிக்கிறார்கள். நம்மிடம் அது ஈ மொய்க்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் பிழிந்ததானாலும் சாறு சாறுதான். பழத்தின் நார் போய்விடுகிறது, இனிப்பு நேராக ரத்தத்தில் ஏறுகிறது. கடித்துத் தின்ன முடிந்தால் பழத்தைத் தின்பதே மேல். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இனிப்பில்லாத உப்பு எலுமிச்சையோடு நின்றுகொள்ளட்டும். இன்னொன்று: பழச்சாறு வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுத் திண்ணையில் உட்காராதீர்கள். வீட்டுக்காரி மில்லில் எட்டு மணி நேரமோ, வயலில் குனிந்த இடுப்பு நிமிராமலோ உழைத்துவிட்டு வருகிறார். எலுமிச்சை பிழிய ஆம்பிளைக் கைக்குத் தெரியாதா? பாக்கெட்டை ஒழிக்கிறேன் என்று பெண்களின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதானால், பாக்கெட்டே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

வீட்டில் செய்துகொண்டோம் என்பதால் ஆலை முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஸ்பின்னிங் பகுதியில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றி வைக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் மனிதன் உருகுகிறான். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறியதைச் சாக்காக வைத்துத் தண்ணீர்ப் பானையை நகர்த்த யாரையும் விடக் கூடாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. ஆலைக்குள் அடிக்கும் வெப்பத்துக்கும் அது பொருந்தும் என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

கேண்டீன் குழுவில் நம் ஆட்கள் இருக்கும் இடங்களில் இதைக் கணக்கோடு கேட்கலாம். நூறு பேருக்கு ஆளுக்கு அரை மூடி என்றால் ஐம்பது எலுமிச்சை, ஆளுக்கு 20 கிராம் வீதம் இரண்டு கிலோ சர்க்கரை, உப்பு, கொதித்து ஆறிய தண்ணீர் 25 லிட்டர். ஆளுக்குக் கால் லிட்டர். பிழிய இரண்டு பேர். பகல் ஷிப்டில் பதினோரு மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை. செலவுக் கணக்கை உங்கள் ஊர்ச் சந்தை விலையில் போட்டு, அடுத்த கூட்டத்துக்கு எழுத்து மூலம் கொடுங்கள்.