எதிர்த் தெருவுக்குப் போக ஏழு கடல் தாண்டுவதா?

எதிர்த் தெருவில் இருப்பவருக்கு எழுதிய கடிதம் அமெரிக்கா சென்று திரும்பி வந்தால் சிரிக்க மாட்டீர்களா? 2000ஆம் ஆண்டு வரை கென்யாவில் இதுதான் நடந்தது. நைரோபியில் ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் இணைப்புக்கு அனுப்பிய மின்னஞ்சல், செயற்கைக்கோள் ஏறி, வெளிநாடு போய், அதே நைரோபியில் வந்து இறங்கியது. போகவும் கட்டணம், வரவும் கட்டணம். அந்தச் சுமை யார் தலையில்? கென்ய வாடிக்கையாளர் தலையில்தான்!

இதற்குத் தீர்வு கடினமானதா? இல்லை. இணைய நிறுவனங்கள் ஒரு பொது இடத்துக்கு ஆளுக்கொரு கம்பி இழுத்து இணைந்துகொண்டால் போதும். உள்ளூர்த் தகவல் அங்கேயே கைமாறிவிடும். இதன் பெயர்தான் இணையப் பரிமாற்ற மையம்.

2000 நவம்பரில் நைரோபியில் அந்த மையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டு இணைப்பில் ஏகபோகம் வைத்திருந்த டெல்காம் கென்யா உடனே புகார் செய்தது. இரண்டே வாரத்தில் அரசின் ஒழுங்குமுறை ஆணையம் மையத்தை மூடியது! தடையாக நின்றது தொழில்நுட்பமா? இல்லை, ஏகபோகம்!

சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட நிறுவனங்கள் இதில் மட்டும் ஓரணியில் நின்று வாதாடின. சுமார் ஓராண்டில் உரிமம் கிடைத்தது. 2002 பிப்ரவரியில் மையம் மீண்டும் இயங்கியது.

பலன் என்ன? இண்டர்நெட் சொசைட்டியின் 2012 ஆய்வைப் பாருங்கள். உள்ளூர்த் தகவலுக்கு 200 முதல் 600 மில்லி விநாடி வரை இருந்த தாமதம், 2 முதல் 10 ஆகக் குறைந்தது. ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் மிச்சம். 2012இல் சுமார் 30 விழுக்காடாக இருந்த உள்ளூர்ப் பங்கு, 2020இல் 70ஐ எட்டியது. மையம் வளர்ந்ததும் வெளிநாட்டு நிறுவனங்களும் தங்கள் சேமிப்புக் கணினிகளை நைரோபிக்கே கொண்டு வந்தன.

நம் நாட்டில் 2003இல் 'நிக்ஸி' தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. சந்தை திறந்திருந்தால் மட்டும் போதுமா? வியாபாரி சரக்கோடு அங்கே வர வேண்டாமா?

எனவே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கடைக்கு இணைப்புத் தரும் நிறுவனம் உள்ளூர்த் தகவலை எங்கே கைமாற்றுகிறது? உங்கள் கடையின் வலைத்தளம் எந்த நாட்டுக் கணினியில் இருக்கிறது? அது வெளிநாட்டில் இருந்தால், பக்கத்தில் மையம் இருந்தும் உங்கள் வாடிக்கையாளர் கடல் தாண்டித்தான் உங்கள் கடைக்கு வர வேண்டும்.

காசு கொடுப்பவர் நீங்கள். வழியைக் கேட்கும் உரிமையும் உங்களுடையதே!