பாலுக்கு இரண்டு விலை!

குட்டீஸ்... ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் ஒரே கூட்டம்தான். அருவியில் குளித்து நடுங்கி வருபவர்களுக்குச் சூடாக டீ வேண்டுமே! தென்காசி வரை டீக்கடைகளில் பால் கொதித்தபடியே இருக்கும்.

அந்தப் பாலுக்கு இரண்டு விலை உண்டு. நாம் கொடுப்பது விற்பனை விலை. மாடு வளர்ப்பவருக்குக் கிடைப்பது கொள்முதல் விலை. கடைகள் போட்டி போட்டு விலையைக் குறைத்தால் நமக்குக் கொண்டாட்டம். ஆனால், குறைந்த பணம் யாருடைய பங்கிலிருந்து போகிறது?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி பெரிதாகவே எழுந்தது. 2011 ஜனவரியில் 'கோல்ஸ்' சூப்பர் மார்க்கெட், தன் சொந்தப் பெயரில் விற்ற பாலை லிட்டர் 1 டாலராகக் குறைத்தது. போட்டிக் கடைகளும் குறைத்தன. 2019 வரை அந்த விலை நீடித்தது. பிழைப்பு போய்விடும் என்று விவசாயிகள் குமுறினர். அரசின் போட்டி ஆணையம் விசாரித்து, 2018ல் அறிக்கை தந்தது. 1 டாலர் விலையால் கொள்முதல் விலை நேரடியாகக் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால், விவசாயிக்குப் பேரம் பேசும் பலம் மிகக் குறைவு என்றது.

ஏன் தெரியுமா? நெல்லை மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம். பாலை வைத்தால் திரிந்துவிடும். அதனால், வாங்குபவர் சொல்வதே விலை!

தமிழகத்தில் இதற்காகத்தான் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. அந்தப் பால்தான் 'ஆவின்' ஆகிறது. 2021 மே மாதம் ஆவின் விற்பனை விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. பசும்பால் கொள்முதல் விலையோ 32 ரூபாயிலேயே நின்றது. 2022 நவம்பரில்தான் 35 ரூபாய் ஆனது. தனியார் பால் நிறுவனங்கள் கூடுதல் விலை தந்ததால், பலர் அங்கே பாலை ஊற்றினர். விலை உயர்வு கேட்டுப் போராட்டமும் நடந்தது. 2023 டிசம்பரில் ஆவின் 38 ரூபாயாக உயர்த்தியது.

கவனித்தீர்களா? விற்பவர்கள் போட்டி போட்டால் நமக்கு லாபம். கொள்முதல் செய்பவர்கள் போட்டி போட்டால் விவசாயிக்கு லாபம். போட்டியில் ஒருவரே மிஞ்சினால் இருவர் பாடும் திண்டாட்டம்தான். தீவனச் செலவுக்குக்கூடக் கட்டாவிட்டால், விவசாயி மாட்டை விற்றுவிடுவார். அப்புறம் பால் ஏது?

இனி, 'பால் விலை குறைப்பு' என்று செய்தி வந்தால், கொள்முதல் விலை என்ன ஆனது என்றும் தேடிப் பாருங்கள், குட்டீஸ்!