உதவியாளர் ஏட்டில் ஊரின் பிழைப்பு

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தபோது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக உழைக்கும் அன்பர் ஒருவர் மனக்குறையோடு என்னிடம் பேசினார். "ஐயா, கடன் வாங்கி மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டித் தரும் கம்பெனியில் இப்போது வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு உதவியாள் வேலைதானாம். காகிதம் சுமப்பதற்கா இத்தனை படிப்பு?" என்றார். அவருக்கு நான் சொன்ன மறுமொழி, இதே கவலையுள்ள மற்றப் பெற்றோருக்கும் பயன்படக்கூடும்.

இவ்வேலைக்குக் கம்பெனிதோறும் பெயர் மாறும். திட்ட ஒருங்கிணைப்பாளர் என்பார்கள். பிளானிங் இன்ஜினியர் என்பார்கள். எப்பெயராயினும் பணி ஒன்றே. எந்த வேலை எந்த நாளில் முடியவேண்டும், எது முடிந்தது, எது நின்றுவிட்டது, ஏன் நின்றது என்பதை நாள்தோறும் அறிந்து எழுதி, மேலாளரின் முன் வைப்பது. முடிவெடுப்பவர் மேலாளர், அம்முடிவுக்குக் கண்ணாய் இருப்பவர் உதவியாளர்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கி இயந்திரம் வேறோர் ஊரில் செய்யப்படுகிறது. அதனைத் தாங்கும் அடித்தளமும் போல்ட்டுகளும் இங்கே அமைக்கப்படுகின்றன. இயந்திரம் செய்பவர் வரைபடத்தைத் திருத்தி அனுப்புகிறார். புதிய தாள் மேலாளரின் மேசைக்கு வந்தால் மட்டும் போதாது. களத்தில் கொத்தனாரின் கையிலுள்ள பழைய தாள் திரும்பப் பெறப்படவேண்டும். அதை மறந்தால் போல்ட்டுகள் பழைய இடத்திலேயே கான்கிரீட்டில் இறுகிவிடும். பிறகு உடைத்துக் கட்டவேண்டியதுதான். காகிதம் சுமப்பது என்று அந்தத் தந்தை சொன்னது இதைத்தான்.

இத்தொழிலுக்கு உரிய கருவிகளும் உண்டு. ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய பட்டை அட்டவணை ஒன்று. 1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் கம்பெனியில் உருவான கிரிட்டிக்கல் பாத் முறை மற்றொன்று. எந்த வேலை தாமதித்தால் திட்டம் முழுவதுமே தாமதிக்குமோ, அந்த வேலைகளின் சங்கிலியை இம்முறை காட்டிக்கொடுக்கும். கிடங்கின் சுவர் ஒரு வாரம் பிந்தினால் பெருங்கேடு விளையாது. ஆவியாக்கி ஒரு வாரம் பிந்தினாலோ நிலையத்தின் திறப்பே தள்ளிப்போகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல உதவியாளர்.

தவணை நாள் என்பதன் கனத்தைத் திருப்பூரைப்போல் அறிந்த ஊர் வேறு உண்டோ! பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் சாயநீரின் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை நீக்கவில்லை. நொய்யல் கெட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவே வெளியேறாத நிலையை எய்தும்படி 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் அளித்தது. அதுவும் கடந்தபின், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் நின்றன, அங்கு உழைத்தோரின் வீடுகளில் அடுப்பும் தளர்ந்தது. ஒருபுறம் உழவரின் நிலம், மறுபுறம் தொழிலாளியின் கூலி. இரண்டும் சுத்திகரிப்பு நிலையங்களையே நம்பியிருந்தன.

உப்பு மிகுந்த மிச்சநீரை என்ன செய்வது என்ற தொழில்நுட்பச் சிக்கலும், அதற்காகும் பெருஞ்செலவும் அன்று உண்மையாகவே இருந்தன. குற்றத்தை உதவியாளர்களின் தலையில் சுமத்த நான் வரவில்லை. ஆனால் அவ்வரலாறு ஒன்றைக் கற்பிக்கிறது: ஒரு நிலையம் பிந்துமானால், அச்செய்தி முன்கூட்டியே தெரியவேண்டும். மூன்று மாதத்துக்கு முன் தெரிந்தால் வேறு வழி தேடலாம். தவணைக்கு முதல்நாள் தெரிந்தால் கைபிசையத்தான் முடியும்.

இங்கேதான் இவ்வேலையின் சோதனை இருக்கிறது. "ஏறக்குறைய முடிந்துவிட்டது" என்று எழுதுவது எளிது; மேலாளரும் மகிழ்வார். "இன்னும் முடியவில்லை, இன்ன காரணத்தால் பன்னிரண்டு நாள் பிந்தும்" என்று எழுதத் துணிவு வேண்டும். கடிந்துகொள்வார்கள் என்ற அச்சத்தால் மறைக்கப்படும் ஒரு தேதி, பின்னர் எத்தனையோ குடும்பங்களை வருத்தும்.

பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்கள் இப்பணியில் சேரலாம். கொள்முதல் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்க்க வணிகவியல் படித்தவரும் ஏற்றவரே. கணினி அட்டவணையில் தேர்ச்சி வேண்டும். ஆங்கிலத்தில் பிழையின்றிக் கடிதம் எழுதவும், களத்தில் ஃபிட்டரிடமும் கொத்தனாரிடமும் மரியாதையாகத் தமிழில் பேசவும் தெரியவேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாற்காலியை விட்டு எழாதவர் பத்தாண்டு கழிந்தாலும் நகலெடுப்பவராகவே இருப்பார். களத்துக்குச் சென்று, "ஏன் பிந்துகிறது?" என்று கேட்டுக் கற்பவரே நாளை மேலாளர் ஆவார்.

அந்தத் தந்தையிடம் இறுதியாக இதைச் சொன்னேன்: "மாலையில் மகள் வீடு திரும்பியதும் சம்பளத்தைப்பற்றி மட்டும் கேளாதீர்கள். 'இன்று எந்த வேலை பிந்தியது? அதை மறைக்காமல் சொன்னாயா, அம்மா?' என்றும் கேளுங்கள்." அவர் புன்னகைத்தார். "துணியில் அளவு தவறினால் நானும் உடனே சொல்லிவிடுவேன் ஐயா, வெட்டியபின் ஒட்ட முடியாதே" என்றார். மகளின் தொழில் அவருக்குப் புரிந்துவிட்டது.