வேப்பம்பூவுக்கு எத்தனை இதழ்?

கோடை லீவு நெருங்கிட்டா போதும், போன்ல ஓவியப் பயிற்சி விளம்பரம் வரிசை கட்டி வருது. வசந்த கால இயற்கையை வரையலாம், பென்சிலே பிடிக்காதவங்களும் சேரலாம்னு போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் முதல் பாடம் டூலிப், அடுத்தது செர்ரிப் பூ. டூலிப் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பனி விலகினதும் தன் வாசலில் பூக்கிறதை ஐரோப்பாக்காரர் வரைகிறார். நாமும் அதையே செய்யணும், அதாவது நம்ம வாசலில் பூக்கிறதை வரையணும்ங்கறதுதான் என் கட்சி.

"நமக்கு ஏதுங்க வசந்தம், வெயில் மட்டும்தானே" என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பாங்க. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். பங்குனியிலேயே அது தலைகாட்டிடும். புங்கமரம் பழைய இலையை உதிர்த்துட்டு பளபளன்னு தளிர் விடும். வேம்பு பூத்து சாயங்காலக் காத்துல மணக்கும். பின்னாலேயே சரக்கொன்றை மஞ்சளாத் தொங்கும். இந்த மூணு மரமும் உங்க தெருவிலும் இருக்கும்.

ஒரு 2பி பென்சில், கோடு போடாத நோட்டு ஒண்ணு. ரப்பர் வேண்டாம். நாலு நாள் போதும்.

முதல் நாள் வேப்பிலை. ஒரு ஈர்க்கைப் பறிச்சு முன்னால வெச்சு, அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் இலை சமமா இருக்காது. கொஞ்சம் வளைஞ்சு, விளிம்புல கருக்கரிவாள் மாதிரி பல் இருக்கும். மனசுல இருக்கிற 'இலை'யை வரைஞ்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துடும். கண்ணு முன்னால இருக்கிறதை வரைஞ்சாதான் வேப்பிலை வரும்.

இரண்டாம் நாள் வேப்பம்பூ. வெள்ளையா 5 இதழ், நடுவுல ஒரு சின்னக் குழல். மூன்றாம் நாள் கொன்றைச் சரம். தொங்குற கோட்டை முதல்ல இழுங்க. மேலே விரிஞ்ச பூ, கீழே போகப்போக மொட்டு. மகரந்தம் தாங்கும் 10 காம்புகளில் 3 மட்டும் நீண்டு வளைஞ்சு நிற்கும். நாலாம் நாள் முழு புங்கமரம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இலையெல்லாம் மறைஞ்சு இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அதை மட்டும் வரைங்க.

படம் அழகா வராமல் போகலாம். போகட்டும். வரையறதோட லாபமே பார்க்கிறதுதான். என் கத்தரிச் செடியில் வெள்ளை ஈ இலைக்கு அடியில்தான் உட்காரும். வரப்பில் நின்னு பார்த்தால் பச்சையாத் தெரியும். மஞ்சள் தட்டின பிறகு கவனிச்சா பாதி மகசூல் போயிருக்கும். வரையற பழக்கம் இருக்கிறவர் இலையைத் திருப்பிப் பார்ப்பார். விவசாயத்துக்கு வேண்டிய கண்ணும் அதேதான்.

இது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் புத்தகங்களாகப் போட்டார். அதுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்கள். கோவிந்து பெயரை ஒரு ஆர்கிட் வகைக்கே வைட் சூட்டினார். நம்ம செடியைப் பக்கத்தில் வெச்சுப் பார்த்து வரைஞ்சவங்க அவங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. எங்க பக்கம் ரோடு அகலப்படுத்தும்போது வரிசையா மரம் சாயுது. "இங்கே என்ன மரம் நின்னுச்சு?" என்று கேட்டால், தினமும் அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்ன பிள்ளைகளுக்கே சொல்லத் தெரியலை. பார்க்காத மரம் போனால் யாரும் தேடமாட்டாங்க. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைஞ்ச மரத்தை அப்படி மறக்க முடியாது. வெட்ட வந்தால் ஏன்னு ஒரு கேள்வியாவது கேட்பான் அந்தப் பிள்ளை.

அதனால் பணம் கட்டி வகுப்பில் சேர்த்தாலும் சரி, பயிற்சி தரும் வாத்தியாரிடம் ஒன்று கேளுங்க: பிள்ளைகளை எந்த மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போவீங்க? பதில் இல்லைன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க. புத்தாண்டுக்கு வாங்குற வேப்பம்பூவில் ஒரு கொத்தை, ரசத்தில் போடறதுக்கு முன்னாடி, நோட்டுக்குப் பக்கத்தில் வைங்க. இதழை அவங்களே எண்ணட்டும்.