டெல்லி கணேஷும் எங்கள் வீட்டு வழக்கும்

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் பெரியவன், வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேரப் போகிறானாம். அவன் அப்பா கொதிக்கிறார்.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார்தான், "டெல்லி கணேஷும் சர்க்கார் வேலையை விட்டு வந்தவர்தானேப்பா?" என்று ஆரம்பித்தார். சீரியலில் பார்த்துப் பார்த்து உறவாக்கிக் கொண்டவர். 2024 நவம்பரில் அவர் காலமானபோது அன்று ராத்திரி சாப்பிடவில்லை!

உண்மைதான் சகோதரிகளே. 1964 முதல் 1974 வரை விமானப்படை. டெல்லியில் நாடகம், பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. 'பட்டினப்பிரவேசம்' (1977) படத்தில் அறிமுகப்படுத்திப் பெயரும் வைத்தவர் பாலசந்தர். 'பசி'யில் ரிக்ஷாக்காரராக அழவைத்தார். 'மைக்கேல் மதன காமராஜ'னில் சமையல்கார மணி அய்யராகச் சிரிக்கவைத்தார். நானூறு படத்துக்கு மேல் நடித்தவர், சின்னத்திரை தானே என்று இளப்பமாக நினைக்கவில்லை. 'மர்மதேசம்', 'செல்லமே' என்று நம் கூடத்துக்கே வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவதுபோல் இருக்கும், நடிப்பென்றே தோன்றாது.

இதையெல்லாம் பெரியவனிடம் போனில் சொன்னேன். "பார்த்தியாம்மா!" என்று துள்ளினான்.

"அவர் பத்து வருஷம் யூனிஃபார்ம் போட்டார்ப்பா. நீ வேலைக்குப் போய் எத்தனை மாசம் ஆச்சு?" என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை.