ஃபிரீசரில் ஆறு சம்படம்

எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஆறு சம்படம் கொள்ளும். ஏழாவதைத் திணித்தால் உள்கதவு சாத்தாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், கல்யாணச் சீராக வந்தது. திருப்பூர் மண்ணரையில் எங்கள் வரிசை வீடுகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இதே அளவுதான். ஆறு சம்படம் என்றால் திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு ஒரு நாள் அடுப்படியில் நின்றால் ஆறு ராத்திரிக்கு ஆயிற்று. இந்தக் கணக்கு கைகூட எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, நடுவில் ஒரு மெக்கானிக் செலவும் வந்தது.

பனியன் கம்பெனி வேலை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஆர்டர் அவசரம் என்கிற நாளில் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே. ஊத்துக்குளி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வீடு சேர ஒன்பது. அதற்கு மேல் சின்ன வெங்காயம் உரித்து, மல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்துக் குழம்பு வைப்பது யாரால் ஆகும்? பரோட்டாக் கடைகள் பிழைப்பதே இந்த ஒன்பது மணியை நம்பித்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையே வறுத்தரைத்த மசாலாவையும் தக்காளித் தொக்கையும் மொத்தமாகச் செய்து உறைய வைக்கிறேன். செய்வதில் ஒரு வித்தையும் இல்லை. எதில் போட்டு வைப்பது என்பதில்தான் மூன்று தடவை தோற்றேன்.

முதல் தோல்வி ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டில். கழுத்து வரை தொக்கை நிரப்பி வைத்தேன். மறுநாள் காலை பாட்டிலின் தோளைச் சுற்றி ஒரு வெடிப்பு, அதன் வழியே சிவப்பாகப் பிதுங்கி நிற்கிறது தொக்கு. தண்ணீர் ஐஸாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். எட்டாம் வகுப்பில் படித்ததுதான், தொக்கிலும் பெரும்பங்கு தண்ணீர்தானே என்று தோன்றவில்லை. நேரான சுவர் கொண்ட ஜாடியில் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டிருந்தால் மேலே எழும்பிக்கொண்டிருக்கும். கழுத்து குறுகிய பாட்டிலில் எங்கே போகும், தோளைத்தான் பிளக்கும். எது கண்ணாடித் துண்டு, எது தக்காளித் தோல் என்று பிரிக்க முடியாமல் மொத்தத்தையும் கொட்டினேன். அது 2023 ஜூலை. தக்காளி கிலோ நூறைத் தாண்டி நின்ற மாசம். இன்னும் ஏறும் என்று பயந்து உழவர் சந்தையில் வாங்கிய தக்காளி அது.

இரண்டாவது, பிரியாணி பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பா. எல்லார் வீட்டிலும் பரணில் இருபது கிடக்கும். பத்து நாளில் மூடிகள் திறக்கும்போதே பிஸ்கட் மாதிரி உடைய ஆரம்பித்தன. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், இவற்றில் பெரும்பாலும் 5. பாலிபுரொப்பிலீன். சூடு நன்றாகத் தாங்கும். ஆனால் ஐஸ் குளிரிலேயே அதன் இளக்கம் போய்விடுகிறது. தடியான டப்பாவானால் சமாளிக்கும், பார்சல் டப்பாவோ காகிதம் போல மெல்லிசு. 2, 4 எண் போட்ட பாலித்தீன் வகைகள் ஃபிரீசருக்குள்ளும் வளைந்து கொடுக்கும்.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இருக்கிறதிலேயே பெரிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் வாரத்துக்கான குழம்பு முழுவதையும் ஊற்றி உறைய வைத்தேன். திங்கள் ராத்திரி எடுத்தால் அது செங்கல். முழுக்க உருக்கித் திரும்ப உறைய வைத்தால் கெட்டுப்போகும் என்று தெரியும். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்கத்தான் வைக்கிறது. அதனால் தினமும் கத்தியால் ஒரு மூலையைப் பெயர்ப்பேன். வியாழக்கிழமை டப்பா ஃபிரீசர் தரையோடு ஐஸில் ஒட்டிக்கொண்டது. கத்தியை அடியில் விட்டு நெம்பினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"கத்தி போட்டீங்களாக்கா?" என்றார் மெக்கானிக், கதவைத் திறப்பதற்கு முன்பே. இந்த வகை ஃபிரிட்ஜில் ஃபிரீசர் சுவருக்குள்ளேயே கேஸ் குழாய் ஓடுகிறதாம். அந்த வாரக் கூலியில் பாதி அதற்குப் போனது.

அதைக் கேள்விப்பட்டு வந்த அடுத்த வீட்டு அக்கா என்னைத் திட்டவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர், எதையும் பெட்டிக் கணக்கில்தான் பேசுவார்.

"நாலு பேருக்கு ஒரு நேரத்துக்கு எத்தனை கரண்டி ஊத்துவே?"

"எட்டு வருங்க்கா."

"அதுல பாதி தண்ணி. தண்ணிய எதுக்கு அம்மிணி ஃபிரீசர்ல வெக்கறே? குழாய்ல வருதில்ல? கெட்டியா நாலு கரண்டி புடிக்கற டப்பாவா எடு. டப்பா இருக்குதுன்னு குழம்பு வெக்காதே."

திருப்பூர்க் குழாய்த் தண்ணீர் மேல் அக்காவுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கில்லை. மற்றபடி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அதுவரை டப்பாவை ஃபிரீசருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேனே தவிர, ஒன்பது மணிக்கு அதைத் திறக்கிறவளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

மறுநாள் பாத்திரக் கடையில் உயரம் குறைந்த எவர்சில்வர் சம்படம் ஆறு வாங்கினேன். வட்டச் சம்படத்தால் மூலைகள் வீணாகின்றன, உண்மைதான். ஆனால் புளியும் தக்காளியும் அதை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைத்தான் அரிக்கும். மஞ்சள் கறை ஏறாது. தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஓரம் இளகிக் குழம்பு மொத்தமாகக் கழன்று விழும். உயரம் குறைவாக இருப்பதுதான் முக்கியம். கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி உறைய நாலு மடங்கு வரை நேரமாகலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், லாப்ரடாரில் இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் கணத்தில் உறைந்து, பிறகு சமைக்கும்போது புதுசு போலவே இருந்ததைக் கவனித்தார். ஊர் திரும்பி, தட்டையான பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரம் செய்தார். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாகும், காயைக் கிழித்துச் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

தட்டை என்றதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாலிபேக் ஞாபகம் வரும். டி-ஷர்ட் போட்டு எக்ஸ்போர்ட் போகும் கவர், எந்த வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். தயவுசெய்து வேண்டாம். அது துணிக்காகச் செய்தது, உணவுக்கல்ல. காற்றுப் போக ஓட்டையும் பல கவர்களில் உண்டு. ஒருமுறை அதில் மசாலா ஊற்றிய என் தங்கை, ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் கத்தரிக்காய்க்குக் குழம்பு வைத்திருந்தாள்.

உருளைக்கிழங்கு போட்ட குழம்பை உறைய வைப்பதில்லை, கிழங்கு மாவாகிவிடும். மோர்க்குழம்பு திரிந்துபோகும். தாளிப்பு கடைசியில், சூடுபண்ணிக் கொதித்த பிறகுதான். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் ஃபிரீசரைத் திறக்கவே கூடாது.

எவர்சில்வரில் ஒரு குறை, உள்ளே என்ன என்று தெரியாது. பேனாவால் எழுதிய காகிதம் ஈரத்தில் அழிந்தது. அக்காவேதான் ஒரு சுருள் சைஸ் ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்தார், வேஸ்டில் போனதாம். எஸ் என்றால் குழந்தைகளுக்கான காரமில்லாத தக்காளி. எம் வறுத்தரைத்தது. எல் கொத்துக்கறி மசாலா. எக்ஸ்எல் என் வீட்டுக்காரருக்கு.

முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவைக்க வேண்டும். நேற்று மறந்துவிட்டேன். நாலு மணி டீ நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, ஒரு எல் எடுத்துக் கீழ வெச்சிருங்க."

"எல் தீந்துபோச்சு சாமி. எம்தான் ரெண்டு கிடக்குது. வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வந்துரு."